எங்க வீட்ல கரண்ட்டு இருந்துச்சு

அந்த ரேடியோவை அணைக்க வேணாம் டீச்சர். சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோங்க. டீச்சர்தானே நீங்க? ரயில்ல ஏறும்போதே பையில பரீட்சைப் பேப்பர் கட்டு தெரிஞ்சுது, அதான் சொன்னேன். பாட்டு நல்ல பாட்டுதான், இல்லைன்னு யாரு சொன்னா. ஆனா இப்ப ஒரு அடி வரும் பாருங்க. இதோ, இதான்.

உங்களுக்கு இந்தி வராதா? நல்லதாப் போச்சு. இது இந்தியும் கிடையாது. படம்தான் இந்திப் படம், பாட்டு உருது. நான் அர்த்தம் சொல்றேன். விளக்குல எண்ணெய் இல்லையாம். நீ தலை சாய்ச்ச சுவத்துலதான் எண்ணெய் இருக்காம். இந்த வீட்டுக்கு வெளிச்சமே அங்கேருந்துதான் வருதாம்.

பச்சைப் பொய். எங்க வீட்ல கரண்ட்டு இருந்துச்சு.

ஆமா, எங்க வீடுதான். அந்தச் சுவரு கோடம்பாக்கத்துல நாங்க குடியிருக்கற மாடி வீட்டுச் சுவரு. அந்தத் தலை, இதோ, இந்தத் தலைதான். டில்லி, லக்னோ, பம்பாய்னு எத்தனை லட்சம் பேரு இதைக் கேட்டு உருகிப் போயிருக்காங்க தெரியுமா. அத்தனை பேருக்கும் தாஜுன்னிசா வீட்டுச் சுவரு எண்ணெய்ப் பிசுக்குன்னு தெரியும். கல்யாணத்துக்குப் போனா, பெருநாளுக்குப் போனா, எவளாவது ஒருத்தி வந்து, நீங்கதானா அந்தச் சுவத்துக்காரங்கன்னு கேப்பா. நான் பதில் சொல்லாம பிரியாணி சாப்பிடப் போயிடுவேன்.

எழுதினது எங்க வீட்டுக்காரரு. பேரு சிப்கத்துல்லா. அது பள்ளிக்கூடத்துல எழுதின பேரு. உருதுல கவிதை எழுதறவங்க தனக்குன்னு இன்னொரு பேரு வெச்சுக்கணும், அது வழக்கம். இவரு வெச்சுக்கிட்ட பேரு ரஞ்சூர். துக்கத்துல வாடிப் போனவன்னு அர்த்தம். நீங்க அவரைப் பார்த்திருக்கணும். கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி, சட்டைப் பொத்தான் வயித்துக்கிட்ட நிக்காது, எப்பப் பார்த்தாலும் வாயில ஒரு மெட்டு. அவரு மூஞ்சில வாடினது எதுவும் நான் பார்த்ததில்லை. ஸ்டூடியோ வாட்ச்மேன் அந்தப் பேரைக் கேட்டுட்டு, "ரஞ்சூரு எந்தப் பக்கம் சார், மன்னார்குடிக்குக் கிட்டவா?"ன்னு கேட்டிருக்கான். ஆமாப்பா, அங்கதான், பஸ் வசதி பத்தாதுன்னு இவரு சொல்லிட்டு வந்திருக்காரு. துக்கப்படற மனுஷன் பேசற பேச்சா அது?

எங்க ரெண்டு பேருக்குமே ஊரு ஆம்பூர். இவரு திருவல்லிக்கேணியில ஒரு பள்ளிக்கூடத்துல உருது வாத்தியாரா இருந்தாரு. ராத்திரி முஷாயிரா நடக்கும், கவிஞர்கள்லாம் கூடி உக்காந்து வாசிப்பாங்க. அப்படி ஒரு முஷாயிராவுல இவரைக் கேட்டுட்டுத்தான் நாகரத்தின முதலியார் சினிமாவுக்குக் கூப்பிட்டாரு. முதலியார் தமிழ்ல ஓடின படத்தையெல்லாம் திரும்ப இந்தியில எடுத்துக்கிட்டிருந்தாரு. பாட்டெழுத பம்பாய்லேருந்து ஆளைக் கூட்டியாந்தா, அந்த ஆளுக்கு ஓட்டல், காரு, அவரு கூட வர்ற நாலு பேருக்கும் ஓட்டல், காரு. இவரு சைக்கிள்ல போயிடுவாரு. வாத்தியார் வேலையை விட்டுட்டாரு. என்னைக் கேக்கலை. கேட்டிருந்தா நான் விடச் சொல்லியிருப்பேன், அது வேற விஷயம், ஆனா கேக்கலை.

சாயங்காலம் ஆனா நான் கூடத்துல சுவத்துல சாஞ்சுக்கிட்டு கீரையோ அவரைக்காயோ ஆய்வேன். இவரு எதிர்ல உக்காந்து அன்னிக்கு எழுதினதைப் படிப்பாரு. எனக்குத் தலையைச் சாய்ச்சாத்தான் காது நல்லாக் கேக்கும். நானா போய் உக்காரலை. வீட்ல அங்கதான் காத்து வரும். தலைக்கு எண்ணெய் நிறைய வைப்பேன், எங்க அம்மி, அதான் எங்க அம்மா, அப்படித்தான் பழக்கினாங்க. சுவத்துல கொஞ்சம் படிஞ்சிருக்கும். எந்த வீட்ல படியலை சொல்லுங்க. உங்க வீட்ல படியலையா?

இந்திச் சண்டை வர்றதுக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னாடி, ஒரு வெயில் காலம். முதலியார் எடுத்த படத்துல பொண்டாட்டி கோச்சுக்கிட்டுப் போயிடுறா. புருஷன் காலி வீட்ல நின்னு பாடணும். படமே அந்தப் பாட்டுல நிக்குதுன்னு முதலியார் சொல்லிட்டாரு. மெட்டுப் போட்டது நிவாரண் பாபுன்னு ஒரு வங்காளத்துக்காரர். ரொம்ப ஒல்லி, ரொம்பப் பொறுமை. இவரு எழுதிக்கிட்டுப் போனாரு. பாபு கேட்டுட்டு, இந்தப் புருஷன் ஆபீஸ்ல லீவு கிடைச்ச மாதிரி பாடறானேன்னாராம். மறுபடி எழுதினாரு. நிலா, மெழுகுவத்தி, விட்டில் பூச்சி எல்லாம் வந்துச்சு, அழுகை வரலை. மூணாவது தடவை எழுதினதுல எப்படியோ ஒரு மாம்பழம் வந்துருச்சு. பிரிவுத் துயரத்துல மாம்பழம் எங்கேருந்து வந்துச்சுன்னு பாபு கேட்டாரு. இது சீசனாச்சேன்னு சொல்லியிருக்காரு இவரு.

அதோட முதலியாருக்குப் பொறுமை போச்சு. பம்பாய்க்கு ஆள் அனுப்பப் போறேன்னுட்டாரு. பாட்டு கைமாறினா இவருக்கு அடுத்த படம் கிடையாது, பள்ளிக்கூடத்து நாற்காலியில வேற ஒருத்தர் உக்காந்தாச்சு. அன்னிக்கு ராத்திரிச் சாப்பாட்டுல இவரு ரெண்டாவது தடவை சோறு கேக்கலை. எனக்கு அப்பதான் விஷயம் பெரிசுன்னு புரிஞ்சுது.

மறுநாள் முதலியாரே எங்க வீட்டுக்கு வந்துட்டாரு, கையில பூவும் பழமும். இவரு வீட்ல இல்லாத நேரம் பார்த்து வந்திருக்காரு. மூச்சு வாங்க மாடி ஏறி வந்து, தண்ணி குடிச்சு, வீட்டைச் சுத்திப் பார்த்தாரு. அந்தச் சுவத்தையும் பார்த்திருப்பாரு.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்கக் கூடாது"ன்னாரு. "நீங்க இந்த வீட்ல இருக்கற வரைக்கும் அந்த மனுஷனுக்குச் சோகம் வராது. ஒரு ரெண்டு வாரம் அம்மா வீட்டுக்குப் போயிட்டு வர்றீங்களா?"

முதல்ல எனக்குக் கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். என்ன ஏற்பாடு இது? நாட்டுல ஒரு பொம்பளையை அம்மா வீட்டுக்குப் போகச் சொல்றது சண்டை வந்தா, இல்லை பிரசவம்னா. பாட்டு வரலைன்னு அனுப்பின கதை எங்கயாவது கேட்டிருக்கீங்களா? ஆனாலும் பம்பாய்க்காரன் வர்றதைவிட நான் போறது மேல்னு கிளம்பிட்டேன்.

இவரு சென்ட்ரலுக்கு வந்து வழியனுப்பினாரு. கொஞ்சமாவது மூஞ்சியைத் தொங்கப் போட வேணாமா? சிரிச்சுக்கிட்டே கையாட்டறாரு. ரயிலு கண்ணை மறைக்கற வரைக்கும் பல்லு தெரிஞ்சுது. அரக்கோணம் வரைக்கும் எனக்கு அந்தப் பல்லுதான் ஞாபகம்.

ஆம்பூர்ல நான் நல்லா இருந்தேன். ரொம்ப நல்லா இருந்தேன், அதை உங்ககிட்டச் சொல்லிடறேன். எங்க அம்மி கையால சாப்பாடு, காலை நீட்டித் தூக்கம். ரெண்டு தட்டு எடுத்து வெச்சுட்டு ஒண்ணைத் திரும்ப அலமாரியில வெச்சேன்னா, அது கைப்பழக்கம். சாப்பாடு இறங்கலைன்னா, அம்மிக்கு வயசாகி உப்பு கூடிப் போச்சு. சாயங்காலம் கூடத்துல கீரை ஆயும்போது எதிர்ல யாரும் படிக்கலை, அமைதியா இருந்துச்சு. அவ்வளவு அமைதி எனக்கு ஆகறதில்லை, தலைவலி வந்துரும். அவ்வளவுதான்.

என் தம்பி இர்ஷாத் தோல் வியாபாரமா மெட்ராஸ் போயிட்டு வந்தான். மச்சானைப் பார்த்தியாடான்னு கேட்டேன். மவுண்ட் ரோடு பிரியாணிக் கடையில பார்த்தானாம். நாலு கவிஞருங்க சுத்தி உக்காந்திருக்க, இவரு கதை சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருந்தாராம். ரெண்டாவது பிளேட்டுன்னான். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. அங்க மனுஷன் சோகத்துல எழுதறார்னு நான் இங்க உப்புக் கரிக்கற குழம்பைச் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்.

அதுக்குள்ள ஊர்ல பேச்சு ஆரம்பிச்சுருச்சு. தாஜு ஏன் வந்திருக்கா, மாசமா இல்லை, நோய் இல்லை, புருஷன் வந்து பார்க்கலை. சினிமாக்காரன் அனுப்பினான்னு எங்க ஊர்ல சொல்ல முடியுமா? அம்மி வாயைத் தொறக்கலை. அம்மி வாயைத் தொறக்காததால ஊரே தொறந்துருச்சு. நாலு நாள்ல கதை முடிஞ்சு போச்சு, அவரு ஒரு நடிகையை ரெண்டாந்தாரமா நிக்காஹ் பண்ணிக்கிட்டாருன்னு. அந்த நடிகைக்குப் பேரு, ஊரு, என்ன கலர் காருன்னு எல்லாம் எனக்கே வந்து சொன்னாங்க.

எங்க அத்தீக் மாமூ, அம்மியோட கூடப் பிறந்தவரு, கேட்டுட்டு எழுந்துட்டாரு. பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கற முத்தவல்லி கரீமுல்லா சாஹிபையும் சேர்த்துக்கிட்டாரு. ரெண்டு பேரும் ஷெர்வானி, தொப்பி, கையில தடி. போய் நேருக்கு நேர் கேட்டுட்டு வந்துடுவோம், நீயும் வான்னாங்க. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை மாமூன்னு நான் சொல்லிப் பார்த்தேன். சொன்னேனே தவிர, பிரியாணிக் கடையில சிரிச்சாரேன்னு எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு இது. புடவையை மாத்திக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

கோடம்பாக்கம் வந்து பார்த்தா மாடி பூட்டியிருக்கு. கீழே வீட்டுக்காரம்மா கனகவல்லிதான் சொன்னாங்க. மொதல் பத்து நாள் அவரு வீட்டுப் பக்கமே வரலையாம். ஸ்டூடியோவுல படுக்கை, வெளியில சாப்பாடு. அப்புறம் ஒரு நாள் மத்தியானம் மாத்துத் துணி எடுக்க வந்திருக்காரு. கதவைத் தொறந்து உள்ள போனவரு வெளியவே வரலைன்னு இவங்க காபி எடுத்துக்கிட்டு மேல போயிருக்காங்க. கூடத்துல சுவத்தைப் பார்த்து உக்காந்திருக்காராம். சுவத்துல என்ன சார்னு கேட்டதுக்கு ஒண்ணுமில்லைம்மான்னாராம். காபி ஆறிப்போச்சு, குடிக்கலைன்னாங்க. நான் வந்த கோபத்துல அதைப் பெரிசா எடுத்துக்கலை. இன்னிக்குப் பாட்டு ரெக்கார்டிங், அங்கதான் இருப்பாருன்னு சொன்னாங்க. மாமூ அதே டாக்சியை ஸ்டூடியோவுக்கு விடச் சொல்லிட்டாரு.

முதலியார் வாசல்ல ரெண்டு தாடியையும் தடியையும் பார்த்ததும் பயந்துட்டாரு. பேசாம உள்ள கூட்டிட்டுப் போய், ஹால்ல ஒரு ஓரமா நாற்காலி போட்டு உக்கார வெச்சு, வாய்மேல விரலை வெச்சுக் காட்டினாரு. அப்பல்லாம் பாடறவங்க, வாசிக்கறவங்க எல்லாரும் ஒரே ஹாலுதான். ஒருத்தர் தும்மினாலும் முதல்லேருந்து எடுக்கணும். இவரு தூரத்துல பாபு பக்கத்துல நின்னாரு. எங்களைப் பார்க்கலை. கொஞ்சம் இளைச்சிருந்தாரு. வெளிச்சம் அப்படி விழுந்திருக்கும்.

பம்பாய்லேருந்து வந்த பாடகர் ஆரம்பிச்சாரு. வீடு காலியாச்சுன்னு ஒரு அடி. பானை இருக்கு, தாகம் இல்லைன்னு ஒரு அடி. அப்புறம் விளக்குல எண்ணெய் இல்லைன்னாரு. அடுத்து, நீ தலை சாய்ச்ச சுவத்துலன்னு வருது. எனக்கு அந்த நிமிஷமே விளங்கிருச்சு. காதெல்லாம் சூடாயிருச்சு. முக்காட்டை நெத்தி வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டேன். இருபது பிடில்காரங்களும் என் தலையையே பார்க்கற மாதிரி இருக்கு.

அந்த அடி முடியுது, "வாஹ்"னு ஒரு சத்தம். மாமூ. ரெண்டாந்தாரத்தை விசாரிக்க வந்த மாமூ, தடியைக் கீழ போட்டுட்டு நெஞ்சுல கை வெச்சுக்கிட்டு நிக்கறாரு. எல்லாம் நின்னு போச்சு. பாபு தலையில கையை வெச்சுக்கிட்டாரு. மாமூ மன்னிப்புக் கேட்டு உக்காந்தாரு. திரும்ப முதல்லேருந்து ஆரம்பிச்சாங்க. அதே அடி வந்துச்சு. இந்தத் தடவை முத்தவல்லி. "முகர்ரர்!"னு கத்திட்டாரு. மறுபடி சொல்லுங்கன்னு அர்த்தம். முஷாயிராவுல நல்ல அடி வந்தா அப்படித்தான் கேப்பாங்க, எங்க ஊர்ல அது ரத்தத்துல இருக்கு, நல்ல அடியைக் கேட்டுட்டுச் சும்மா இருக்கத் தெரியாது.

முதலியார் முகம் சிவந்துருச்சு. ஆனா அந்தப் பாடகர் என்ன பண்ணாரு தெரியுமா? முத்தவல்லியைப் பார்த்து நெத்தியில கை வெச்சு ஒரு சலாம் போட்டுட்டு, வாத்தியம் ஏதும் இல்லாமலேயே அந்த அடியை மறுபடி பாடினாரு. பாபு கண்ணை மூடிக் கேட்டாரு. அப்புறம், இந்த அடி ரெண்டு தடவை வரட்டும், அப்படியே வெச்சுக்கறேன்னுட்டாரு. நீங்க வேணா அடுத்த தடவை கவனிச்சுக் கேளுங்க, ரெக்கார்டுல அந்த அடி மட்டும் ரெண்டு தடவை வரும். ஆம்பூர் முத்தவல்லி கேட்டதுக்காக.

இவரு அப்பதான் திரும்பிப் பார்த்தாரு. என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லு. மாமூ நேரா போய்க் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. முத்தவல்லி கையைப் பிடிச்சு முத்தம் கொடுக்கறாரு. நடிகையைப் பத்தி ஒரு வார்த்தை யாரும் கேக்கலை. கேக்க வந்தவங்க ரெண்டு பேரும் எந்தப் பொண்டாட்டிக்கும் இப்படி ஒரு அடி கிடைக்காதுன்னு என்கிட்டயே வந்து சொல்றாங்க. கிடைக்காதுதான். எந்தப் பொண்டாட்டியோட அழுக்கும் ரேடியோவுல வராது.

என்கிட்டயும் ஒரு சாவி இருந்துச்சு. ரிக்ஷா பிடிச்சு வீட்டுக்கு வந்தேன். கனகவல்லியம்மா பொங்கலுக்குக் கரைச்ச சுண்ணாம்பு பானையில மிச்சம் வெச்சிருந்தாங்க. வாங்கி, நீலம் கலந்து, மட்டையை எடுத்து அந்தச் சுவத்தை மேலேருந்து கீழ வரைக்கும் அடிச்சேன். எண்ணெய்ப் பட்ட இடத்துல சுண்ணாம்பு சுலபத்துல நிக்காது. வழுக்கும். விடலையே நான், மூணு தடவை அடிச்சேன். படம் வெளிவந்து யாராவது பார்க்க வந்தா, எங்க சுவரு பால் மாதிரி இருக்கணும்னு.

வெயில் இறங்கற நேரத்துல இவரு வந்தாரு, கையில ஜிலேபிப் பொட்டலம். பாடிக்கிட்டே படி ஏறி வந்தவரு கூடத்துல அப்படியே நின்னுட்டாரு. சுவத்தைப் பார்க்கறாரு, மட்டையைப் பார்க்கறாரு, என்னைப் பார்க்கறாரு. பொட்டலத்தைக் கீழ வெச்சுட்டு உக்காந்துட்டாரு. கண்ணுலேருந்து தண்ணி வருது டீச்சர். வெள்ளை அடிச்சதுக்கு யாராவது அழுவாங்களா? அவங்க அப்பா மவுத்தாகிப் போய்ச் சேர்ந்தப்பகூட அந்த மனுஷன் எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கிட்டு நின்னவரு.

"அடிச்சுட்டியா தாஜு"ன்னாரு.

"ஆமா, அடிச்சுட்டேன். ஊரைக் கூட்டி வெச்சு என் தலை எண்ணெயைப் பத்திப் பாடினா, வேற என்ன பண்ணுவாங்க?"

அவரு சட்டைக் கையால கண்ணைத் துடைச்சாரு. "பாட்டைக் கொடுத்துட்டேன். இதை வெச்சுக்கலாம்னு நினைச்சேன்"ன்னாரு.

மத்தியானம் பூரா கையைத் தூக்கித் தூக்கி அடிச்சதுல தோள்பட்டை விட்டுப்போச்சு, நிக்க முடியலை. வழக்கமான இடத்துல உக்காந்து சாஞ்சுட்டேன். சுண்ணாம்பு காயலை. முக்காடு, முடி, கழுத்தெல்லாம் வெள்ளை. அவரு நிமிர்ந்து பார்த்தாரு. மூக்கை உறிஞ்சிக்கிட்டே ஒரு சிரிப்பு ஆரம்பிச்சுது பாருங்க, கீழேருந்து கனகவல்லியம்மா என்னாச்சுன்னு ஓடி வந்தாங்க. சுவத்துல நீ எழுதினதை நான் படிச்சேன், இப்ப சுவரு உன்மேல எழுதிருச்சுன்னு சொன்னாரு. ஜிலேபியை மூணு பேரும் சாப்பிட்டோம். அவரு பாதிக்கு மேல சாப்பிட்டாரு.

படம் சுமாராத்தான் ஓடிச்சு. பாட்டு ஓடிச்சு. அதுக்கப்புறம் அவரு நாப்பது அம்பது பாட்டு எழுதியிருப்பாரு. சோகப் பாட்டுன்னு வந்தா முதலியார் என்னைப் பார்த்து, அம்மா வீட்டுக்குன்னு இழுப்பாரு. நான் முடியாதுன்னுட்டேன். இவரும் போக விடலை. சோகப் பாட்டுக்கு வேற ஆளைப் பார்த்துக்கோங்கன்னுட்டாரு.

அந்த வீட்லதான் இன்னும் இருக்கேன். அந்த இடத்துலதான் உக்கார்றேன். சொன்னேனே, அங்கதான் காத்து வரும். வருஷா வருஷம் ரம்ஜான் பெருநாளுக்கு ஏகாம்பரம்னு ஒரு ஆளு வந்து வீடு பூரா வெள்ளை அடிப்பான். கூடத்துச் சுவத்துல மட்டும் ஒரு முழம் அளவுக்கு அடிக்காம விட்டுட்டுப் போயிடுவான். இவருதான் அவனுக்கு ரகசியமா சொல்லி வெச்சிருக்காருன்னு நான் ரொம்ப வருஷம் இவரோட சண்டை போட்டிருக்கேன். அவரு போய் ரெண்டு வருஷம் ஆச்சு. இந்தப் பெருநாளுக்கும் ஏகாம்பரம் வந்தான். இந்தத் தடவையும் அந்த இடத்தை விட்டுட்டுத்தான் போயிருக்கான்.

கனகவல்லியம்மாதான் சொல்லியிருக்கணும். நான் சொல்லலை டீச்சர்.